வேலையில்லாதவனா உட்கார்ற வேலை

ஐப்பசி 1, புதன்

இது எந்த வருசம்னு நம்பர்ல கேட்டா எனக்கு வாயில வராது. தக்காளி விலை ஏறி, லைன் வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் வெறும் புளியில ரசம் வெச்ச வருசம். ரெண்டாயிரம் ரூபாய் நோட்டைத் திரும்பக் கொண்டாந்து குடுங்கன்னு பேங்கில வாங்கிக்கிட்ட வருசம். நிலாவுல நம்ம வண்டி இறங்கினதை டீக்கடை டிவியில பார்த்து, கடைக்காரர் அன்னைக்கு மட்டும் வடைக்குக் காசு வாங்காத வருசம். அந்த வருசத்து ஐப்பசி இது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதறது வீட்டுக்காரி. எட்டாவது வரைக்கும் படிச்சவ. நான் சொல்றதை மட்டும் எழுது, உன் சரக்கைச் சேர்க்காதேன்னு சொன்னேன். அதையும் எழுதிட்டா.

இந்த நோட்டு டைரக்டர் தம்பி குடுத்தது. சென்னையில இருந்து வந்து எங்க பழைய மில்லை வாடகைக்கு எடுத்து டிவி சீரியல் எடுக்கறாங்க. மஞ்சக்கேட்டு மில்லுன்னு சொன்னா சிங்காநல்லூர்ல வயசானவங்களுக்குத் தெரியும். மில்லு பூட்டி, வேலை போன ஆளுங்களைப் பத்தின கதை. மரத்தடியில சும்மா உட்கார்ந்திருக்க வயசானவங்க வேணும்னு ஆள் தேடினாங்க. நானும் லூர்துசாமியும் போய் நின்னோம். அவனும் நானும் ஒரே ரிங் பிரேம் ஷெட்டுல, நூல் நூக்கற மெஷின்ல, இருந்தவங்க. வேலை போனப்ப ஒரே மரத்தடியில உட்கார்ந்தவங்க. நெசமாவே அப்படி இருந்தோம்னு சொன்னதும் டைரக்டர் தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டாரு. அந்த நாள்ல நடந்ததைத் தினம் கொஞ்சம் சொல்லுங்க ஐயா, யாரையாச்சும் எழுதச் சொல்லிக் கொண்டாங்க, கதைக்கு ஆகும்னு இந்த நோட்டைக் குடுத்தாரு.

ஐப்பசி 2, வியாழன்

காலையில ஏழு மணிக்கு வேன் வந்து கூட்டிட்டுப் போச்சு. இட்லி, பொங்கல், ரெண்டு சட்னி. அப்புறம் மரத்தடியில உட்கார வெச்சாங்க. மத்தியானம் மூணு பொரியலோட சாப்பாடு. மறுபடி உட்கார வெச்சாங்க. லூர்து என் காதுல சொன்னான்: "ஆறுக்குட்டி, அன்னைக்கு ஓசியில உட்கார்ந்தோம். இப்ப வேலையில்லாம உட்கார்றதுக்கு வேலை குடுத்திருக்காங்க. நல்லா உட்காரு, இதையும் புடுங்கிரப் போறாங்க."

நான் சிரிச்சுட்டேன். கட் சொல்லிட்டாங்க.

டைரக்டர் தம்பி வந்து, ஐயா, கொஞ்சம் சோகமா இருக்கணும்னாரு. மரத்தடியில யாருங்க தம்பி சோகமா இருந்தான்னு கேட்டேன். நாங்க அஞ்சு பேர் அங்க ஆடுபுலி ஆட்டம் ஆடினோம், கதை பேசினோம், ஒருத்தனை ஒருத்தன் ஓட்டினோம். சோகமெல்லாம் சாயங்காலம் வீட்டு வாசப்படி ஏறும்போதுதான் வரும். அதுவும் ஏறுற வரைக்கும்தான். உள்ள போனா வேற முகம் வெச்சுக்கணும். அவரு கையில இருந்த பேப்பர்ல என்னமோ குறிச்சுக்கிட்டாரு. அப்ப வாசப்படியை ஒரு ஷாட்டு எடுப்போம்னாரு. புத்தியுள்ள பையன்தான்.

ஐப்பசி 6, திங்கள்

ஆயுத பூஜை. கேமராவுக்குச் சந்தனப் பொட்டு வெச்சு, பூசணிக்காய் உடைச்சாங்க. மில்லு ஓடின காலத்துல இந்த நாளுக்கு ஒவ்வொரு ஷெட்டும் போட்டி போட்டுக் காகிதம் ஒட்டும். எங்க ஷெட்டுக்கு எப்பவும் பூச்சியப்பன்தான் தலைவன்.

பூச்சியப்பனைப் பத்திச் சொல்லணும். எனக்குப் பக்கத்து மெஷின். சங்குன்னு பட்டப்பேரு. மில்லுச் சங்கு ஊதறதுக்குச் சரியா ஒரு நிமிசம் முன்னால தலைத்துண்டை உதறுவான். கடியாரம் கட்டமாட்டான். கணக்கு ஒரு நாளும் தப்பினதில்ல. மில்லு பூட்டினப்புறமும் மரத்தடியில மூணு மணிக்குத் துண்டை உதறுவான். நாங்க எல்லாம் எந்திரிப்போம். எங்க போறதுன்னு தெரியாம மறுபடி உட்காருவோம்.

இதைப் போன வாரமே சொன்னேன். டைரக்டர் தம்பிக்கு ரொம்பப் புடிச்சுப் போய், கதாநாயகனுக்கே சங்குன்னு பேரு வெச்சுட்டாரு. துண்டு உதறறதையும் சேர்த்துட்டாரு.

பூச்சியப்பன் செத்து ஏழு வருசம் ஆகுது. அவன் சம்சாரம் ராமாத்தா எங்களுக்கு மூணு வீடு தள்ளி இருக்கு. சாயங்காலம் போய்ச் சொன்னேன். ராமாத்தா தங்கச்சிக்கு வாயெல்லாம் பல்லு. லைன் முழுக்கச் சொல்லிட்டு வந்துருச்சு.

ஐப்பசி 8, புதன்

இன்னைக்கு ஷிப்டு விட்டு ஆளுங்க வெளிய வர்ற காட்சி. நடிக்கறவங்க தலையில ஆஸ்பத்திரிப் பஞ்சைப் பிச்சு வெச்சிருந்தாங்க. ஒட்டல. காத்தடிச்சா ஒவ்வொருத்தன் தலையும் தனியாப் பறக்குது. அப்புறம் ஒருத்தர் தலையாணியைக் கிழிச்சு இலவம்பஞ்சைக் கொண்டாந்தாரு. அது இன்னும் மோசம், ஊதினா போயிரும்னு சொன்னேன். எப்படி ஐயா அவ்வளவு உறுதியாச் சொல்றீங்கன்னு கேட்டாங்க.

எப்படின்னா, நான் தடவிப் பார்த்தவன்.

மில்லு பூட்டினது, கோயமுத்தூர்ல குண்டு வெடிச்சதுக்கு மூணு வருசம் முந்தி, ஒரு மாசி மாசம். எனக்கு அம்பதுக்கு ஒண்ணு குறைவு. ரெண்டு வாரம் வீட்டுல இருந்தேன். என்னால ஆகல. சோமனூர் பக்கம் ஒரு மில்லுல பதலி வேலை கிடைச்சிருச்சுன்னு வீட்டுல பொய் சொன்னேன். பதலின்னா, வராத ஆளுக்குப் பதிலா நிக்கற வேலை. தூக்குப்போசியில சோத்தை வாங்கிட்டு, காலையில பஸ் ஏறி, வ.உ.சி. பூங்காவுல இறங்கிருவேன். பூச்சியப்பன், லூர்து, இன்னும் ரெண்டு பேர் அங்க இருப்பாங்க. அவங்க எல்லாம் வீட்டுல சொல்லிட்டு வந்தவங்க. நான் ஒருத்தன்தான் சொல்லாம வந்தவன். சம்பள நாள் வர்றதுக்குள்ள நெசமாவே வேலை கிடைச்சிரும்னு நெனப்பு.

சாயங்காலம் ஒரு சிக்கல். மில்லுல இருந்து வர்றவன் தலை, புருவம், காதோரம் எல்லாம் வெள்ளையாப் பஞ்சு இருக்கும். வீட்டுக்காரி வாசல்ல நிறுத்தி, ஈரத்துண்டால துடைச்சுத்தான் உள்ள விடுவா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான். நான் சுத்தமான தலையோட எப்படிப் போறது. பூங்காவுல ஒரு இலவ மரம், பங்குனியில காய் வெடிச்சுக் கிடக்கும். அதைப் பொறுக்கித் தலையில தேச்சுக்கிட்டு பஸ் ஏறுவேன். பக்கத்துல உட்கார்றவன் எல்லாம் தும்முவான்.

மூணு வாரம் இவ துடைச்சா. ஒரு வார்த்தை கேட்கல. ஆனா முத நாளே இவளுக்குத் தெரிஞ்சு போச்சாம். மில்லுப் பஞ்சுல எண்ணெய் வாடை இருக்கும், வேர்வையில அப்பிக்கும், அழுத்தித் துடைச்சாத்தான் வரும். இலவம்பஞ்சு மினுக்கும், துண்டு பக்கத்துல வந்தாலே பறக்கும். இதை எழுதும்போது இவ பேனாவைக் கீழ வெச்சுட்டுச் சிரிக்கறா. உங்க புருவத்துல ஒரு விதைகூட இருந்துச்சுங்கறா.

அப்புறம் ஒரு நாள் வெளிய வந்துருச்சு. கொஞ்சம் பேச்சு வார்த்தை ஆச்சு. அதுக்கப்புறம் நெசமாவே ஒரு மில்லுல வேலை கிடைச்சு, பதினோரு வருசம் பார்த்தேன். தலையை நானே துடைச்சுக்கப் பழகிட்டேன்.

இன்னைக்கு இது போதும்.

ஐப்பசி 11, சனி

மழை. ஷூட்டிங் இல்ல. முருங்கைக் கொப்பு ஒண்ணு ஒடிஞ்சு விழுந்துச்சு. கீரை மூணு வீட்டுக்கு ஆச்சு.

ஐப்பசி 17, வெள்ளி

பஞ்சு கதையைப் படிச்சுட்டு டைரக்டர் தம்பி என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. அதை அப்படியே சங்குவுக்கு வெச்சுக்கறேன் ஐயான்னாரு. வெச்சுக்கங்கன்னேன். தமாசான விசயம்தானே.

அப்புறம் கேட்டாரு. நீங்க சொல்றதுல எல்லாரும் நல்லவங்களாவே இருக்காங்க. வேலை போன கோபத்துல உங்கள்ல ஒருத்தர்கூட வீட்டுல கை நீட்டலையான்னு. இல்லைன்னு சொல்லிருக்கலாம். எனக்குப் பொய் வரல. ஒருத்தன் ஒரே ஒரு நாள் பொண்டாட்டியை அடிச்சான்னு சொன்னேன்.

"யாருங்க ஐயா, சங்குவா?"

அப்ப ஒரு லாரி ஹாரன் அடிச்சுது. நான் "உம்"னேன்.

எங்க ஊர்ல உம்முன்னா ஆமான்னு அர்த்தமில்ல. நீ சொன்னது காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம். கதை சொன்னா நூறு தரம் உம் கொட்டுவோம். சென்னைக்காரங்களுக்கு அது தெரியுமோ தெரியாதோ.

இவ இந்த இடத்துல எழுதாம என் முகத்தைப் பார்த்தா. என்ன புள்ள, எழுது, இந்தப் பக்கத்தை அவருகிட்டக் காட்ட வேண்டாம்னேன். எழுதிட்டா.

ஐப்பசி 26, ஞாயிறு

தீபாவளி. மகன் ஓசூர்ல இருந்து வந்தான். இவ செஞ்ச அதிரசம் நல்லா வந்துச்சு, நான் செஞ்ச மிச்சர் கருகிருச்சு.

கார்த்திகை 4, திங்கள்

சீரியல் இன்னைக்கு டிவியில ஆரம்பிச்சுது. ராமாத்தா வீட்டுல லைனே கூடிருச்சு. பாயில இடம் பத்தாம ஆட்டுக்கல்லு மேல ஒருத்தர். முத காட்சியில கதாநாயகன் துண்டை உதறறான், அடுத்த நிமிசம் சங்கு ஊதுது. ராமாத்தா ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிச்சு. அப்படியே அவருதான், அப்படியே அவருதான்னு நாலு தரம் சொல்லுச்சு. எனக்கும் லூர்துவுக்கும் முதுகு மட்டும்தான் வந்துச்சு. உன் முதுகு நல்லா நடிச்சிருக்குன்னு லூர்து சொன்னான்.

வேலை போன ஆம்பளைங்க வர்ற சீரியல் எத்தனையோ பார்த்திருக்கேன். எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான். வேலை போகும், அடுத்த காட்சியில கையில பாட்டில் இருக்கும், அதுக்கடுத்த காட்சியில பொண்டாட்டி கீழ கிடப்பா. எங்க மில்லுல வேலை போனவங்க எண்ணூறு பேரு. காய்கறி வண்டி தள்ளினவன் உண்டு, வாட்ச்மேனாப் போனவன் உண்டு, ஊமை மாதிரி மூலையில உட்கார்ந்து பத்து வருசம் கழிச்சுப் பேசினவன் உண்டு. இந்தச் சீரியல் அதையெல்லாம் காட்டும்னு மனசுக்கு நிறைவா இருந்துச்சு.

கார்த்திகை 12, செவ்வாய்

இன்னைக்குச் சாப்பாட்டு நேரத்துல மேனேஜர் அடுத்த வாரம் எடுக்கப் போற காட்சியைச் சொன்னாரு. சங்கு குடிச்சுட்டு வர்றான். தலையில இருக்கறது பொய்ப் பஞ்சுன்னு பொண்டாட்டி கண்டுபிடிச்சுக் கேட்கறா. அவளைக் கூந்தலைப் புடிச்சு இழுத்துப் போட்டு அடிக்கறான். ரெண்டு எபிசோடு வருமாம். விளம்பரத்துக்கும் அதைத்தான் போடப் போறாங்களாம்.

தயிர்சோத்தை ஓரமாத் தள்ளி வெச்சேன்.

லூர்து என்னைப் பார்த்தான். "சங்கு ஒரு நாளும் அப்படிச் செஞ்சவனில்லையே. அவன் ராமாத்தாகிட்ட உரக்கக்கூடப் பேசினதில்ல. யாரு இவங்களுக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

கை கழுவறேன்னு எந்திரிச்சுப் போயிட்டேன்.

கார்த்திகை 13, புதன்

டைரக்டர் தம்பிகிட்டப் போய், அந்த அடிக்கற காட்சி வேண்டாம், பூச்சியப்பன் குடிக்காதவன், கை நீட்டாதவன்னு சொன்னேன். நீங்கதானே ஐயா ஆமான்னீங்கன்னாரு. நான் உம்முன்னுதான் சொன்னேன்னேன். அவரு கோவிச்சுக்கல. டிவிக்காரங்க கதையை ஒத்துக்கிட்டாச்சு, நடந்த ஒண்ணைத்தானே எடுக்கறோம், அப்ப செஞ்சது வேற யாருன்னு சொல்லுங்க, மாத்த முடியுமான்னு பார்க்கறேன்னாரு.

நான் தோள்ல கிடந்த துண்டை எடுத்து மடிச்சேன். அவரைக் கூப்பிட்டாங்க, போயிட்டாரு.

திரும்பி வரும்போது ராமாத்தா வாசல்ல கோலத்தைக் கூட்டிட்டு இருந்துச்சு. ஏனுங்ணா, அடுத்த வாரம் கதையில என்ன வருதுங்னு கேட்டுச்சு. தெரியல தங்கச்சின்னேன். உங்களுக்குத் தெரியாமயான்னு சிரிச்சுச்சு. பேத்தி, மருமகன், சம்பந்தி வீடு எல்லாரையும் வரச் சொல்லியிருக்காம். எங்க வீட்டுக்காரரு கதை, எல்லாரும் பார்க்கட்டும்னு.

கார்த்திகை 18, திங்கள்

சென்னையில புயல். ஊரே தண்ணிக்குள்ள நிக்குதாம். ஷூட்டிங் ஆளுங்க அவங்கவங்க வீட்டைப் பார்க்க ஓடிட்டாங்க. ஒரு வாரம் வேலை இல்லைன்னு மேனேஜர் சொன்னாரு. இங்க வெயில்.

மத்தியானம் சாப்பிட்டுட்டு இவளை உட்காரச் சொல்லி, எழுது புள்ளன்னேன். என்னன்னு கேட்டா. அன்னைக்கு நடந்ததுன்னேன். இவ நோட்டை மூடிட்டா.

"அதை எழுதி இப்ப யாருக்கு என்ன ஆகணும்?"

சங்கு பேரு போகுதுன்னு சொன்னேன். அவன் சம்சாரம் சம்பந்தியையெல்லாம் கூட்டி வெச்சுப் பார்க்கப் போகுது. நான் வாயைத் திறக்கலைன்னா செத்தவன் தலையில விழுந்துரும். இவ அடுப்புல பால் வெச்சிருக்கேன்னு எந்திரிச்சுப் போனா. பால் ஒண்ணும் வெக்கல. அப்புறமேலு வந்து உட்கார்ந்து, சொல்லுங்கன்னா.

சித்திரை மாசம், ஆறாம் தேதி, வியாழக்கிழமை. வாசல்ல நின்னேன். இவ துண்டோட வந்தா. எங்க அம்மா உள்ள அரிசி புடைச்சுட்டு இருந்துச்சு. இவ தலையைத் துடைச்சுட்டு, கேலியாத்தான் சொன்னா, கோபமா இல்ல. "நாளைக்கு வேணும்னா நான் நல்ல பஞ்சா வாங்கித் தரட்டுங்களா?"

அடிச்சேன். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. இவ கையைக் குறுக்க வெச்சா, கண்ணாடி வளையல் உடைஞ்சு, சில்லு என் கையில குத்தி நின்னுச்சு. நாலாவதுக்கு ஓங்கின கையைப் பின்னால இருந்து ஒருத்தன் புடிச்சான். பூச்சியப்பன். நான் பஸ்ஸுல விட்டுட்டு வந்த தூக்குப்போசியைக் குடுக்க வந்தவன். என் கையை விடாம வெளிய கூட்டிட்டுப் போய், பம்புக்கிட்ட உட்கார வெச்சு, முகம் கழுவச் சொன்னான். மறுநாள் மரத்தடியில எப்பவும் போல ஆடுபுலிக்குக் காய் எடுத்து வெச்சான். சாகற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. என்கிட்டகூட அந்தப் பேச்சை எடுக்கல.

அன்னைக்கு நான் குடிச்சிருக்கல. அதை நல்லா எழுது. ஒரு சொட்டு இல்ல. டிவியில எல்லாம் வேலை போனவன் கையில பாட்டிலைக் குடுத்துடறாங்க, பார்க்கறவங்க பாட்டிலைத் திட்டிட்டுத் தூங்கப் போயிரலாம். நான் பச்சைத் தண்ணி குடிச்ச வாயோட, புத்தி தெளிவா, அடிச்சேன். வேலை போனதுக்காக அடிக்கல. தெரிஞ்சுக்கிட்டும் மூணு வாரமா இவ என்னைக் காப்பாத்தி வெச்சிருந்தான்னு தெரிஞ்சதுக்காக அடிச்சேன்.

அன்னைக்கு ராத்திரி இவ எனக்குச் சோறு போட்டா. மறுநாள் துண்டை வாசல்ல கொடியில போட்டு வெச்சா. அதுக்கப்புறம் என் தலையை இவ தொட்டதில்ல.

இவ கடைசி வரி வரைக்கும் எழுதினா. எழுதிட்டு, தேதி ஆறு இல்ல, ஏழுன்னா. நான் ஆறுன்னேன். எனக்குத் தெரியாதாங்கறா. ஏழுன்னே இருக்கட்டும்.

கார்த்திகை 19, செவ்வாய்

ராமாத்தாகிட்டப் போய்ச் சொன்னேன். அவரைக்காய் நறுக்கிட்டு இருந்துச்சு. முழுசாக் கேட்டுச்சு. கத்தியை முறத்துல வெச்சுட்டு, "அன்னைக்கு அவரு உள்ளங்கையில ரத்தக் கீறல் இருந்துச்சுங்ணா. கேட்டேன். மரத்துல கம்பி கிழிச்சுருச்சுன்னாரு. அது அக்கா வளையலா?"

ஆமான்னேன்.

அவரைக்காயை முறத்தோட ஓரமாத் தள்ளி வெச்சுச்சு. அப்புறம் சொல்லுச்சு: "உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் நான் தினம் சோறு கட்டினேன். பொய் சொல்லி வாங்கின வீட்டுச் சோத்தைத் தின்ன மனசு வராம நீங்க அப்படியே திரும்பக் கொண்டு போனா அக்கா கேட்கும்னு, உங்க சோத்தை அவரு தின்னுட்டு என் சோத்தை உங்களுக்குக் குடுப்பாரு. என் புளிக்குழம்பு உங்களுக்குப் புடிக்கும்னு. அப்படிப்பட்ட மனுசன் பேருல இது வரக் கூடாதுங்ணா. போய்ச் சொல்லுங்க. அதுக்கப்புறம் வந்து என் முகத்துல முழிங்க."

இத்தனை வருசம் அந்தப் புளிக்குழம்பு எப்படி எனக்கு வந்துச்சுன்னு நான் யோசிச்சதேயில்ல.

கார்த்திகை 25, திங்கள்

டைரக்டர் தம்பி திரும்பிட்டாரு. அவரு வீட்டுல முழங்கால் தண்ணியாம், அம்மாவைப் படகுல ஏத்தினாராம். அதைக் கேட்டு முடிச்சுட்டு, பதினெட்டாம் தேதி எழுதின பக்கத்தைக் கையில குடுத்தேன். நின்னுக்கிட்டே படிச்சாரு. ஒரு தரம் என்னைப் பார்த்தாரு, மறுபடி படிச்சாரு.

நான் சொன்னேன். அடிச்சவன் பேரு ஆறுக்குட்டின்னே வைங்க. சங்கு வந்து கையைப் புடிக்கட்டும். நடந்ததும் அதுதான்.

கதாநாயகன் அடிக்காம தடுத்தான்னா டிவிக்காரங்களுக்கும் பிடிக்கும், சங்குவோட கூட்டாளியா ஒருத்தன் ஏற்கெனவே இருக்கான், அவனுக்கு இன்னும் பேரு வெக்கலைன்னாரு. ஆனா குடிக்காம அடிச்சான்னு காட்டினா ஜனங்க ஏத்துக்கமாட்டாங்க ஐயா, குடிச்சிருந்தாத்தான் பின்னால அவனை மன்னிப்பாங்கன்னாரு.

"என்னை யாரு மன்னிக்கணும்னு டிவிக்காரங்க எப்படித் தம்பி முடிவு பண்றது?"

பேசிப் பார்க்கறேன்னாரு. உங்க வீட்டு அம்மா பேரு என்ன, அந்தப் பாத்திரத்துக்கு வெக்கறேன்னும் கேட்டாரு. அவளை இழுக்க வேண்டாம்னு சொல்லிட்டேன்.

லூர்து மரத்தடியில என் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுட்டே இருந்திருக்கான். பழையபடி ஏதாச்சும் கிண்டல் பண்ணுவான்னு பார்த்தேன். தண்ணி பாட்டிலைத் திறந்து குடுத்தான், அவ்வளவுதான்.

கார்த்திகை 28, வியாழன்

அந்தக் காட்சியை இன்னைக்கு எடுத்தாங்க. நான் பார்க்கல, சமையல்காரர்கூட உட்கார்ந்து பூண்டு உரிச்சேன். லூர்து பார்த்துட்டு வந்து சொன்னான். அடிக்கற பையன் கையில பாட்டில் இல்ல. பின்னால அலமாரியில ஒண்ணு வெச்சிருக்காங்க. மேல இருந்து சொன்னாங்களாம். மூடி திறக்காம இருக்குடா, அது போதும்னான்.

பையன் அடிச்சு முடிச்சதும் தனியாப் போய் உட்கார்ந்துட்டானாம். என்னைப் பார்க்கணும்னான். வந்து, ஐயா சரியாச் செஞ்சேனான்னு கேட்டான். சாப்பிட்டியா கண்ணுன்னு கேட்டேன்.

மார்கழி 11, புதன்

நேத்து அந்த எபிசோடு வந்துச்சு.

ராமாத்தா வீட்டுக்குப் போகலாமா வேண்டாமான்னு நின்னேன். இவ சேலை மாத்திட்டு வாசல்ல நின்னு, ஏனுங்க, கிளம்பலீங்களான்னு கேட்டா. லூர்து கிறிஸ்துமஸ் கேக்கோட அங்க முன்னாடியே உட்கார்ந்திருந்தான். ராமாத்தாவோட சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாம் இருந்தாங்க. எனக்கு நடுவுல இடம் விட்டிருந்துச்சு தங்கச்சி.

டிவியில "டேய் ஆறுக்குட்டி"ன்னு சங்கு கத்தி, ஓடி வந்து கையைப் புடிச்சான். பாயில இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. எதிர்வீட்டு மருமகப் பொண்ணு, ஏனுங் தாத்தா, உங்க பேருதானே அதுன்னு கேட்டுச்சு.

"ஆமா கண்ணு. பேரு மட்டும் இல்ல. நான்தான்."

ராமாத்தா எந்திரிச்சுப் போய்க் காப்பி கொண்டாந்து எனக்குத்தான் முதல்ல குடுத்துச்சு. சக்கரை அளவா இருந்துச்சு.

டிவியில அந்தப் பொண்ணு தரையில விழுந்து, பின்னால வயலின் வாசிக்க, ரொம்ப நேரம் அழுதுச்சு. இவ எல்லாருக்கும் கேட்கற மாதிரிச் சொன்னா: "நான் அழுவல. அன்னைக்கு நான் சோறாக்கினேன். அந்தப் பொண்ணுக்கு அழுகத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க."

லூர்து முதல்ல சிரிச்சான். அப்புறம் ராமாத்தா. அப்புறம் எல்லாரும். கேக்கைப் பங்கு போட்டாங்க.

இன்னைக்குக் காலையில இவளே நோட்டை எடுத்துட்டு வந்து உட்கார்ந்தா. சீரியல்ல நம்ம வேலை முடிஞ்சுருச்சு, மரத்தடிக் காட்சி இனி இல்லைன்னு மேனேஜர் சொல்லிட்டாரு, இனி எழுத என்ன இருக்குன்னேன். இவளுக்கு ஒரு குறை. டிவியில உங்க பேரு வந்துச்சு, சங்கு அண்ணன் பேரு வந்துச்சு, அத்தைக்குக்கூட ஒரு பேரு வெச்சிருந்தாங்க. அடி வாங்கினவளுக்கு மகாலட்சுமின்னு பேராம். யாருங்க அந்த மகாலட்சுமி?

சரி, எழுது.

அந்தச் சித்திரையில அந்த வீட்டு வாசல்ல இருந்தவங்க நாலு பேரு. எங்க அம்மா, அரிசி முறத்தோட எந்திரிச்சு வந்து என்னை ஒரே ஒரு பார்வை பார்த்துச்சு, குண்டு வெடிச்ச வருசம் போயிருச்சு. பூச்சியப்பன், பழைய நோட்டு செல்லாதுன்னு சொன்ன வருசம், ஒரு மத்தியானம் மூணு மணிக்குப் போனான். அடிச்சவன் இருக்கான், அவனைச் சேர்க்க வேண்டாம். அவன் பார்த்ததைச் சாட்சின்னு எடுத்துக்க முடியாது. நடந்ததை நடந்தபடி தெரிஞ்சு இன்னைக்கு உசுரோட இருக்கறது ஒரே ஒருத்தி. அம்பத்தோரு வருசமா புள்ளன்னுதான் கூப்பிட்டிருக்கேன், பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. நிறுத்தாம எழுது புள்ள. அவ பேரு வஞ்சியம்மாள்.